சென்னரின் செத்த வீடு

போன கிழமை கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்குவதற்காக, நல்லூரில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பல் வைத்தியசாலைக்குப் போனேன். குளிரூட்டிய அறை, சுவரில் தொலைக்காட்சி, செருப்பை வெளியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் பேத்தி வயதிருக்கும் டொக்டர்ப் பிள்ளை, முகத்தை மூடிக் கட்டிக்கொண்டு என் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். "இதிலை பழைய மூடியொண்டு போட்டிருக்கே ஐயா, ஆர் போட்டது?" என்று கேட்டாள். என் வாய்க்குள் அவள் விரல் இருந்தது. விரலை எடுத்திருந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லி அவளுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு முழு நாள் வேண்டும்.

பிறகு பஞ்சில் எதையோ நனைத்து ஈறில் வைத்தாள். கராம்பெண்ணெய் மணம். இத்தனை நவீனமான இடத்தில் இந்தப் பழைய மணம் எப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பல்லு வெளியே வந்துவிட்டது. இரும்புக் கிண்ணத்தில் விழுந்த சத்தம் கேட்டது. கிண்ணத்தை எடுத்து மஞ்சள் பையொன்றுக்குள் கவிழ்த்தாள். "பஞ்சைக் கடிச்சுக்கொண்டிருங்கோ, கதையாதேங்கோ," என்று சொல்லி அனுப்பினாள். கதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால்தான் மனிதனுக்கு எவ்வளவு கதை வருகிறது! அன்றைக்குச் சாயந்தரம் முழுவதும் கன்னம் வீங்கிய குரங்கைப்போல வீட்டில் குந்திக்கொண்டு சென்னரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கத்தில் அவருடைய பல்லுக் கட்டும் கடை இருந்தது. வாசலில் ஒரு பலகை. அதில் முகம் இல்லாமல் வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். எனக்கு மீசை முளைத்த பிறகும் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்க்கப் பயம். உள்ளே போனால் கராம்பெண்ணெயும் மெழுகும் சாந்தும் கலந்த ஒரு மணம். மேசையில் அச்செடுத்த வாய்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். இந்த வாய் உடுவில் வாத்தியாருடையது, அந்த வாய் சுருட்டு முதலாளியுடையது என்று அடையாளம் சொல்லுவார். சுவர் ஆணியில் ஒரு வெள்ளை வேட்டியும் சால்வையும் எப்போதும் தோய்த்து மடித்துத் தொங்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவருடைய பெயர் சென். சீனாக்காரர். யாழ்ப்பாணத்தில் ஒருவர் போதிய காலம் இருந்து மரியாதையும் தேடிக்கொண்டால் அவருடைய பெயரின் முடிவில் ஒரு 'ர்' வந்து ஒட்டிக்கொள்ளும். கந்தையா கந்தையர் ஆவார், சின்னத்தம்பி சின்னத்தம்பியர் ஆவார். அப்படி சென்னும் சென்னர் ஆனார். அவருடைய தகப்பன் சைக்கிளின் பின்னால் பட்டுச்சீலை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவர். தகப்பனுடைய சைக்கிள் பாரில் இருந்து போன புத்தூர்தான் தனக்குத் தெரிந்த முதல் ஊர் என்று சென்னர் சொல்லுவார். சீனாவைப் பற்றிக் கேட்டால் ஓர் ஆறும் ஒரு வாத்தும் நினைவிருப்பதாகச் சொல்லுவார், அவ்வளவுதான். தகப்பன் இங்கேயே காய்ச்சலில் செத்துப்போக, இவர் பல்லுக் கட்டப் பழகிக்கொண்டு தனியாக இருந்துவிட்டார். கலியாணம் செய்யவில்லை. பெண் கேட்டுப் போக அவருக்கு யார் இருந்தார்கள்?

அந்த வேட்டிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டுக்கு வெற்றிலை வைத்துச் சொன்னால்தான் போவோம். செத்த வீட்டுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காதில் விழுந்தால் போதும், போட்டது போட்டபடி கிடக்கப் போவோம். போனவர்கள் வீட்டுக்குத்தான் பிறகு ஆட்கள் வருவார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். சென்னர் இதை வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். வாயைத் திறந்தபடி ஆள் கதிரையில் இருந்தாலும், "கொஞ்சம் பொறுங்கோ, வந்திடுறன்," என்று வேட்டியை மாற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்துவிடுவார். ஒருமுறை நான் பகிடியாகக் கேட்டேன்.

"என்ன அண்ணை, ஒரு செத்த வீடும் விடமாட்டியளோ?"

"என்ரைக்கும் ஆக்கள் வரவேணுமெல்லோ தம்பி," என்றார் அவர். சிரிக்கவில்லை. அந்தப் பதிலுக்குப் பிறகு நான் அவரோடு அந்தப் பகிடி விட்டதில்லை.

எங்கள் நாட்டில் தமிழ்ப் படம் என்று ஒன்று தவழத் தொடங்கிய காலம் அது. கொழும்பிலிருந்து படம் பிடிக்க வந்த ஒருவருக்குப் பல்லுக் குத்து வந்தது. சென்னருடைய கதிரையில் இருந்து வாயைத் திறந்தபடியே அவருடைய முகத்தைப் பார்த்திருக்கிறார். தன் படத்துக்கென்று அவர் தேடிக்கொண்டிருந்த கள்ளக்கடத்தல்காரன் கிடைத்துவிட்டான். அப்படித்தான் சென்னர் நடிகரானார். அதற்குப் பிறகு அபின் விற்பவன், யப்பான் சிப்பாய், ஒற்றன், மந்திரவாதி என்று வருகிற படத்துக்கெல்லாம் அவரைக் கூப்பிட்டார்கள். பட்டுச் சட்டையும் மெல்லிய நீள மீசையும் போட்டு நிறுத்துவார்கள். மீசை ஒட்டும் பசையால் மேலுதடு வெந்துபோய் வருவார்.

வேடம் எதுவென்றாலும் முடிவு ஒன்றுதான். ஒரு படத்தில் பாறையிலிருந்து விழுந்து சாவார், இன்னொன்றில் பாம்பு கடித்து, இன்னொன்றில் கதாநாயகனின் ஒரே குத்தில். அவர் சாகிற கட்டத்தில் தியேட்டரில் விசில் பறக்கும். காலரியில் ஓர் ஓரமாக இருந்து அவரும் பார்ப்பார். எங்களைவிட வடிவாக யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிற மனிதருக்கு வேறு யாரையோ கொண்டு கீச்சுக்குரலில் கொன்னைத் தமிழ் பேசவைத்திருப்பார்கள். "என்ரை வாயிலை ஆரோ இருந்து கதைக்கிறான்," என்பார். அடுத்த நாள் கடைக்கு வருகிறவர்கள், "சென்னர், இந்தமுறை என்னெண்டு செத்தனியள்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

நான் அப்போது பக்கத்துத் தெருவில் ஓர் அச்சகத்தில் வேலை. என் வேலை என்னவென்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். யாராவது செத்தால் முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு அழுகைப் பாட்டுக் கட்டுவது. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நான்தான் புலம்ப வேண்டும். முகமே தெரியாதவர்களுக்காக அந்த வயதில் நான் கட்டிய கண்ணீரை ஒரு குளத்தில் விடலாம். இந்தத் திறமையைக் கேள்விப்பட்டு ஒரு சுருட்டு முதலாளி தான் எடுக்கும் படத்துக்கு வசனம் எழுத என்னைக் கூப்பிட்டார். அதிலும் சென்னர்தான் வில்லன்.

அந்தச் செய்தி தெரிந்த அன்றே சென்னர் அச்சகத்துக்கு வந்தார். எழுத்துக் கோக்கும் பெட்டிகளுக்கிடையில் நின்றுகொண்டு சால்வையைக் கையில் முறுக்கினார்.

"தம்பி, என்னைச் சாகடி. அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் இந்தமுறை நான் செத்தால் ஆராவது ஒராள் அழவேணும். ஒராள் போதும்."

"வில்லனுக்கு ஆர் அண்ணை அழுவினம்?"

"வில்லனுக்கும் ஒரு வீடு இருக்கும்தானே," என்றார்.

நான் எழுதினேன். அந்தக் கடத்தல்காரன் ஒரு காலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தைக் காப்பாற்றியவன் என்றும், அவன் செத்ததும் அந்த வீட்டில் பிணத்தைக் கிடத்தி அழுகிறார்கள் என்றும் ஒரு காட்சி. இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். "வில்லனுக்கு ஒப்பாரி வைச்சால் சனம் கதிரையை உடைக்கும்," என்றார். முதலாளிதான் காப்பாற்றினார். "செத்த வீடு இருந்தால் பொம்பிளையள் படத்துக்கு வருவினம், வை," என்று சொல்லிவிட்டார். முதலாளிமாருக்கு எங்கள் சனத்தைப் பற்றி எப்போதுமே நல்ல மதிப்பு.

உடுவிலில் பெரிய முற்றமுள்ள ஒரு வீட்டைப் பிடித்தார்கள். காலையிலேயே பந்தல் போட்டு, வெள்ளை கட்டி, ஒழுங்கை முகப்பிலிருந்து தென்னோலைத் தோரணமும் தொங்கவிட்டாயிற்று. பந்தல் போட்டவர்கள் ஊரிலுள்ள உண்மையான செத்த வீட்டுப் பந்தல்காரர்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. முற்றத்தில் பெட்டி. பெட்டிக்குள் சென்னர். அந்தப் படத்தில் மட்டும் அவருக்கு மீசை ஒட்டவில்லை. நெற்றியில் திருநீறு பூசி, வேட்டி உடுத்தி, சுவர் ஆணியில் தொங்கிய அந்தச் சால்வையைத்தான் போர்த்தியிருந்தார். கமெரா வீட்டு விறாந்தையின் தட்டி மறைவில் இருந்தது. அழுவதற்கென்று நாடகக்காரப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். "கண்ணைத் திறந்தியளெண்டால் பிலிம் வீண்," என்று இயக்குநர் சென்னரை எச்சரித்தார்.

இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒழுங்கையால் சைக்கிளில் போன ஒருவர் வெள்ளைக்கொடியைக் கண்டு இறங்கினார். எங்கள் ஊரில் அப்படித்தான். யாருடைய செத்த வீடு என்று வாசலில் நின்று கேட்பது மரியாதை இல்லை. உள்ளே வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சென்னர்! "எட கடவுளே, நேற்றும் கண்டனான்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் பறந்தார். அவரை மறித்துச் சொல்ல நான் எழும்பினேன். இயக்குநர் என் தோளைப் பிடித்து இருத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் யாருக்கும் முழுக்கச் சொல்லி முடித்ததில்லை. சனம் வந்தது. உடுவிலிலிருந்து வந்தது, நல்லூரிலிருந்து வந்தது, புத்தூர்ச் சந்தியில் பஸ் ஏறி வந்தது. வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு வந்தார். பெரியகடையில் சில கடைக்காரர்கள் கதவுப் பலகையைப் பாதி போட்டுவிட்டு வந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆண்கள் சால்வையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பந்தலின் கீழே நின்றார்கள். பெண்கள் தலையை அவிழ்த்துக்கொண்டு நேரே பெட்டியடிக்குப் போனார்கள். கூலிக்கு அழவந்த பெண்கள் வெட்கப்பட்டு ஒதுங்கிவிட்டார்கள்.

புத்தூர்ப் பொன்னம்மாக்கா வந்தார். வெங்காயத் தோட்டக்காரி. பல்லெல்லாம் கொட்டிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவருக்கு இரண்டு வரிசையும் கட்டிக்கொடுத்தவர் சென்னர். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் வைத்த ஒப்பாரியை நான் எந்தக் கல்வெட்டிலும் எழுதியதில்லை.

"கடல் கடந்து வந்த பிள்ளை காடு தேடிப் போறியோ,
கடிக்கப் பல்லுத் தந்த ராசா கண்ணை மூடிக் கிடக்கிறியோ,
பெத்தவளும் அறியமாட்டாள் பெரும்பயணம் போறியோ…"

ஆண்கள் பக்கத்தில் வேறு கதை நடந்தது. இவரை எரிப்பதா, தாழ்ப்பதா? சீனாக்காரருடைய முறை என்ன? கொள்ளி வைக்க யார் இருக்கிறார்கள்? சென்னருடைய கடைக்கு எதிரே சைக்கிள் திருத்தும் செல்லத்துரை என்றொருவர். வாய் திறந்தால் சண்டை. சென்னரோடும் வாசலில் சைக்கிள் விடுவது பற்றித் தினமும் சண்டைதான். அந்த மனிதர் முன்னுக்கு வந்து சொன்னார்.

"ஒருத்தரும் இல்லாட்டி என்ன? நான் வைக்கிறன் கொள்ளி. என்ரை அண்ணனெண்டு நினைச்சு வைக்கிறன்."

தட்டிக்குப் பின்னால் கமெரா ஓடிக்கொண்டேயிருந்தது. நான் பெட்டியைப் பார்த்தேன். சென்னருடைய மூடிய கண்ணின் ஓரத்தால் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. பொன்னம்மாக்கா அதைக் கண்டுவிட்டார்.

"ஐயோ, பிரேதம் அழுது!"

பந்தல் குலைந்தது. ஓடியவர்கள் ஓட, விழுந்தவர்கள் விழ, சென்னர் பெட்டிக்குள் எழும்பி இருந்துகொண்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டபடியே அழுதார். விசயம் விளங்கியதும் பொன்னம்மாக்கா திரும்பி வந்து அவருடைய முதுகில் குத்தினார். "சாகாமல் கிடந்துகொண்டு எங்களை அழ வைச்சனியோ, பாவி!" குத்திய கையாலேயே அவருடைய தலையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உயிரோடு இருப்பவருக்கு அழுதால் ஆயுசு கூடும் என்று யாரோ சொல்ல, சனம் சிரித்துக்கொண்டு கலைந்தது. செல்லத்துரை மட்டும் ஒருவரோடும் பேசாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அடுத்த நாள் காலையில் வழக்கம்போலச் சண்டை பிடித்தார்.

"என்ரை செத்த வீட்டை நானே கேட்டிட்டன் தம்பி. இனி எனக்கு ஒரு குறையும் இல்லை," என்றார் சென்னர். அந்தக் கிழமைதான் என் கடைவாய்ப் பல்லுக்கு மூடி போட்டுவிட்டார். கூலி வாங்க மாட்டேன் என்று கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

படம் ஓடியபோது அந்தக் காட்சியில் யாரும் அழவில்லை. திரையில் தங்களைக் கண்ட சனம், "எடேய், உது எங்கடை பெரியம்மா!", "உங்கை பார், மண்வெட்டியோடை நிக்கிறார்!" என்று கத்திச் சிரித்தது. கூச்சல் தாங்காமல் அடுத்த கிழமை அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். படமும் ஓடவில்லை. முதலாளி சுருட்டுக்கே திரும்பிப் போனார். கொழும்பில் வைத்திருந்த மூலப்பிரதி பிறகு வந்த கலவரத்தில் எரிந்தது என்று கேள்வி. சென்னருக்கும் அதோடு நடிப்பு முடிந்தது. அவர் வெறும் பல்லுக் கட்டுபவராக மெல்ல மெல்லக் கிழவரானார்.

பிறகு சண்டை வந்தது. அதை நான் விவரிக்கப்போவதில்லை, உங்களுக்குத் தெரியும். செல்லத்துரையைப் பிள்ளைகள் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆமி வருகுதென்று ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த மழை நாளில், போகிற வழியில் சென்னருடைய கடையில் நின்று அவரைக் கூப்பிட்டேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"நான் சின்னனிலேயே ஒருக்கா இடம்பெயர்ந்திட்டன் தம்பி. ரெண்டாம் முறைக்கு ஏலாது. நீ போ, பிள்ளையள் நனையுது," என்றார்.

மீசாலையில் ஒரு மாந்தோப்பில் எல்லோரும் அகதியாகக் கிடந்தோம். சில கிழமைகளுக்குப் பிறகு, வீடு பார்க்க ஒளித்து மறைத்து ஊருக்குள் போய்வந்த ஒருவர் செய்தி கொண்டுவந்தார். சென்னர் தன்னுடைய கதிரையிலேயே செத்துக் கிடந்தாராம். தானும் இன்னொருவருமாகக் கடைக்குப் பின்னால் கிணற்றடியில் கிடங்கு வெட்டி மூடிவிட்டு வந்ததாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "அவர் முந்தியும் ஒருக்காச் செத்தவரெல்லோ! இப்பவும் படம் எடுக்கினமோ?" கனநாள் சிரிக்காத சனம், அதுவும் சேர்ந்து சிரித்தது. பிறகு தண்ணீர் பவுசர் வண்டி வந்தது. எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நான் பொன்னம்மாக்காவிடம் போனேன். மரத்தடியில் ஒரு சாக்கின் மேல் சுருண்டு கிடந்தார். சென்னர் கட்டிய பல்லு வரிசை இன்னும் அவர் வாயில் இருந்தது. செய்தியைச் சொன்னேன். என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

"நான் அழமாட்டன் மோனை. ஒருக்கா அழுதனான், எழும்பி வந்தவன். இப்பவும் வருவான், இருந்து பார்."

அவர் சிரிக்கவில்லை, மெய்யாகவே நம்பினார். அந்த நம்பிக்கையோடேயே, ஊர் திரும்பும் முன், அந்த மாந்தோப்பிலேயே போய்விட்டார். எத்தனையோ முகம் தெரியாதவர்களுக்குப் புலம்பல் கட்டிய எனக்கும் அன்றைக்குக் கண்ணீர் வரவில்லை. வாளியோடு வரிசையில் போய் நின்றேன். ஊர் ஊராக எல்லாருடைய செத்த வீட்டுக்கும் போன மனிதருடைய செத்த வீட்டுக்கு வர ஊரில் ஒருவரும் இருக்கவில்லை.

திரும்பி வந்தபோது கடை இல்லை, கிணறும் இல்லை. அந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடையும் அதற்குப் பின்னால் சீமெந்து போட்ட வாகனத் தரிப்பிடமும். அச்சகமும் போய்விட்டது. செத்த வீடுகளும் மாறிவிட்டன. போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இறந்தார். பந்தலில் பாதிக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. பெட்டியின் தலைமாட்டில் கமெரா, மேலே பறக்கிற கமெரா, கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகள் நேரலையில் பார்த்தார்கள். படம் பிடிப்பவர் வந்து, "ஐயா கொஞ்சம் விலத்தி நில்லுங்கோ, முகம் மறைக்குது," என்றார். விலகி நின்றேன். இப்போது எங்கள் ஊரில் சாகிற எல்லாரும் நடிகர்கள்தான்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்தவனுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. அந்த மூடி. சென்னருடைய கை பட்டதென்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அரை நூற்றாண்டாக என் வாய்க்குள் வைத்திருந்து, அன்றைக்குக் காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

விடிந்ததும் நல்லூருக்குப் போனேன். டொக்டர்ப் பிள்ளைக்கு நான் கேட்பது முதலில் விளங்கவில்லை.

"அந்தப் பையெல்லாம் பின்னேரமே ஏத்திக்கொண்டு போய் எரிச்சிடுவினம் ஐயா. பழுதான பல்லுத்தானே, என்னத்துக்கு?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை," என்றேன்.

எரித்துவிட்டார்கள். எரிப்பதா தாழ்ப்பதா என்று அன்று பந்தலின் கீழே நின்று கதைத்த கதை ஞாபகம் வந்தது. வெளியே வந்து, வரிசையில் காத்திருக்கிறவர்களுக்குப் போட்டிருந்த வாங்கில் இருந்தேன். கராம்பெண்ணெய் மணம் அங்கேயும் வந்தது. அவ்வளவுதான், அடக்க முடியவில்லை. மாந்தோப்பில் வராதது, வயதுபோன நேரத்தில், செருப்புகள் கழற்றிக் கிடக்கிற ஒரு வாசலில் வந்தது. குரல்விட்டு அழுதேன்.

பக்கத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெடியன் மெல்ல நகர்ந்து வந்து என் முதுகைத் தடவினான்.

"கடுமையாக் குத்துதோ ஐயா?"

"ஓம் தம்பி," என்றேன்.

"பயப்பிடாதேங்கோ. பிடுங்கினால் பேந்து நோகாது."